ஐசியூவில் இருந்து பிழைத்து வந்தவர் இன்னமும் ஏன் படுத்துத் தூங்க மாட்டேன் என்கிறார்?

கம்பத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. கணவர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உள்ள வண்டன்மேட்டில், ஏலக்காயை டிரையர் ரூமில் சூடேற்றி உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். 2021 மே மாதம் அங்கே இருக்கும்போதே கொரோனா வந்து, மூச்சு திணறி, கோட்டயத்தில் ஐசியூவில் சேர்த்தார்கள். வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்தார். அதே சமயத்தில் கம்பம் வீட்டில் இருந்த அவருடைய அம்மா கொரோனாவில் இறந்துபோனார். டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் அவரிடம் சொன்னார்கள்.

இப்போது வேலைக்குப் போய் வருகிறார். ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மிஷின் எப்போதும் தலையணைக்கு அடியில். 'டிரையர் ரூமில் என்னைக் கட்டிப் போட்டார்கள்' என்று இன்னமும் சொல்கிறார். ஏலக்காய் வாசனை முன்னைப் போல் தெரியவில்லை என்று ஒரு நாள் அழுதிருக்கிறார். யாராவது 'உனக்கு ஆயுசு கெட்டிப்பா' என்றால் எழுந்து போய்விடுகிறார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லியும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார். இது பைத்தியமா, காத்து கருப்பா, கோடாங்கி பார்க்கலாமா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம்.

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனநல ஆலோசனை வேலை பார்த்தவள். கொரோனாவில் பிழைத்து வந்த தோட்டத் தொழிலாளர்களையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் தங்கச்சி.

பைத்தியம் இல்லை. கோடாங்கி பார்ப்பது உங்கள் வீட்டு நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மிளகாய்ப் புகை, பட்டினி, சாட்டை என்று உடம்பை வருத்தும் எதற்கும் நுரையீரல் அடிபட்ட மனுஷனை உட்கார வைத்துவிடாதீர்கள்.

டிரையர் ரூம் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம், வீட்டில் எல்லோரும் பயந்திருப்பது அதற்குத்தான். அவர் இருந்த ஐசியூவை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பகல் தெரியாமல் எரியும் விளக்கு. காய்ச்சல். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. மயக்கத்தில் வைக்க மருந்து. தொண்டைக்குள் டியூப் இருப்பதால் ஒரு வார்த்தை பேச முடியாது. அரை மயக்கத்தில் டியூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று பல இடங்களில் கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவார்கள். சுற்றி நடமாடுபவர்களுக்கு முகமே கிடையாது, வெள்ளை உடுப்பும் கண்ணாடியும்தான். இந்த நிலையில் மூளை தனக்குக் கிடைத்ததை வைத்து ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வரும். கொரோனாவுக்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க ஸ்டோரில் இருந்தவர். உடம்பு கொதிக்கிறது, மூடிய அறை, கை கட்டியிருக்கிறது. அவருக்கு டிரையர் ரூம் வராமல் வேறு என்ன வரும்? ஜீப் ஓட்டும் ஒருவர், தன் கட்டில் கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் பிரேக் இல்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போதே வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், உண்மையில் நடந்தது மருந்து மயக்கத்தில் பதியாமல் போய்விடும். மூளை கட்டிய பயங்கரம் மட்டும் நேற்று நடந்தது போலத் தெளிவாக நிற்கும். அதனால் 'அப்படி ஒண்ணும் நடக்கலை, நீங்களா கற்பனை பண்றீங்க' என்று நீங்கள் சொல்லும்போது அவர் தன் நினைவையே நம்ப முடியாத ஆளாகிறார். அதற்குப் பதிலாக, நடந்த பகுதியை ஒத்துக்கொள்ளுங்கள். 'கையைக் கட்டினது நிஜம்தாங்க. டியூபைப் பிடுங்கிடக் கூடாதுன்னு கட்டியிருக்காங்க. உடம்பு கொதிச்சதும் நிஜம். ஆனா அது ஸ்டோர் இல்லை, ஆஸ்பத்திரி.' இவ்வளவு போதும். வாதம் வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியம் என்று நினைக்கிறேன். அவருடைய வாழ்க்கையில் சில வாரங்கள் காணாமல் போயிருக்கின்றன. அவை இருப்பது உங்களிடம். அவரிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்சுகள் ஐசியூ நோயாளிக்காக ஒரு டைரி எழுதும் பழக்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்குக் காய்ச்சல் குறைந்தது, உங்கள் மகள் வந்து போனாள், வெளியே மழை என்று சாதாரண வரிகள். பிழைத்துப் போகும்போது அதைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 2010இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 352 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், டைரி கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், அதாவது முடிந்துபோன பயங்கரம் விடாமல் துரத்தும் நோய், புதிதாக வந்தது. கிடைக்காதவர்களில் 13 சதவீதம். 2019இல் பிரான்சில் நடந்த இன்னும் பெரிய ஆய்வில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே டைரி மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. செலவில்லாத காரியம், அவர் சம்மதத்தோடு செய்தால் கெடுதல் பெரிதாக இல்லை, எங்கள் பக்கத்து வீடுகளில் அது பேச்சைத் திறந்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு யாரும் டைரி எழுதித் தரவில்லை. பரவாயில்லை, இப்போது எழுதலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் டியூப் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள், எப்போது வார்டுக்கு மாற்றினார்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் போனில் பழைய வாட்ஸ்அப் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் என்று, நடுவில் கோடு போட்டு எழுதுங்கள். இடது பக்கம் அவருக்கு நடந்தது, வலது பக்கம் உங்களுக்கு நடந்தது. வலது பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கேரளாவில் மே 8ஆம் தேதி ஊரடங்கு, தமிழ்நாட்டில் மே 10ஆம் தேதி. இ-பாஸ் இல்லாமல் செக்போஸ்ட் தாண்ட முடியாது. வீட்டில் மாமியார் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார், மலைக்கு அந்தப் பக்கம் புருஷன் கிடக்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் ஓடியிருக்க முடியும்? சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருந்து வரும் அந்த ஒரு போனுக்காகச் சார்ஜர் வயரோடு உட்கார்ந்திருந்தீர்களா, இல்லையா? இது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை நாளும் தன்னைத் தேடி யாருமே வரவில்லை என்பதுதான். ஐசியூவில் இருந்து வந்த பல ஆண்கள் வீட்டாரிடம் காட்டும் எரிச்சலுக்கு அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது; வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

நோட்டை அவர் படிக்கத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். எழுதியிருக்கிறேன், பீரோவில் இருக்கிறது என்று சொல்லி வைத்தால் போதும். என்றைக்காவது எடுப்பார். அல்லது 'நீயே படி' என்பார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அப்போது மறைத்தது சரியா தவறா என்று இன்று பஞ்சாயத்து பேசிப் பிரயோசனம் இல்லை. ஆக்சிஜனில் இருக்கும் ஆளிடம் சொல்லாதீர்கள் என்று டாக்டர்களே சொன்ன வீடுகள் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். மூத்த பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவர். அம்மா போன அன்று அவர் மயக்கத்தில். உடலைப் பையில் சுற்றிக் கொண்டுபோய் எரித்தார்கள், முகம் பார்த்தவர்களே குறைவு. மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசேகூட அந்த ஜூன் கடைசியில்தான் உடலைக் கொஞ்ச நேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து சடங்கு செய்ய அனுமதி கொடுத்தது. கம்பம் தமிழ்நாடு என்பதால் அது எப்படியும் உங்கள் வீட்டுக்குப் பயன்பட்டிருக்காது. அவர் கண் விழித்தபோது கருமாதிகூட முடிந்திருக்கலாம். எல்லோரும் அழுது முடித்த வீட்டுக்குள் அவர் புதிதாக அழ வேண்டியிருந்தது. அதுவும் 'அழாதே, மூச்சு வாங்கும்' என்று ஆளாளுக்குத் தடுத்திருப்பார்கள்.

கூடவே குற்ற உணர்வும் இருக்கும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நான்தான் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேனோ? இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவக்கூடிய நோய் அது. அந்த மே மாதத்தில் கம்பம் முழுக்க அது இருந்தது. பால்காரர், மருந்துக்கடை, பக்கத்து வீடு, யாரிடம் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி விளக்குவது அறிவுக்குப் போய்ச் சேரும், மனசுக்குச் சேராது. அதற்குச் சடங்குதான் கை கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ சுருளி தீர்த்தத்துக்கு அவரைக் கூட்டிப் போங்கள். அம்மாவுக்குத் திதி அவர் கையால் நடக்கட்டும். மற்ற சொந்தக்காரர்கள் வேண்டாம், நீங்கள் இருவரும் பிள்ளைகளும் போதும். சடங்கில் நம்பிக்கை இல்லாதவர் என்றால், அம்மா பெயரில் யாருக்காவது ஒரு வேளை சாப்பாடு. அவர் கை படுவதுதான் முக்கியம்.

இப்போது புரியும், 'ஆயுசு கெட்டி' என்றால் ஏன் எழுந்து போகிறார் என்று. சொல்பவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். கேட்பவர் காதில், உன் அம்மாவுக்கு அது கெட்டியாக இல்லை என்று விழுகிறது. தவிர, மறு ஜென்மம் எடுத்து வந்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கும்போது, பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இதே ஊர்தான் அன்றைக்கு அவரை ஜீப்பில் ஏற்றத் தயங்கியிருக்கும், டீக்கடையில் கண்ணாடி டம்ளருக்குப் பதில் பேப்பர் கப்பைத் தள்ளியிருக்கும். தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. மனசில் ஒட்டியதை எந்தக் கோர்ட் கிழிக்கும்?

மிஷின் விஷயம் சின்னது மாதிரி தெரியும், சின்னது இல்லை. ராத்திரி 97 காட்டும். நிம்மதி வரும், ஐந்து நிமிஷம்தான். விரல் குளிர்ந்திருந்தால் 93 காட்டும், நெஞ்சு படபடக்கும், படபடப்பில் மூச்சு வாங்கும், மூச்சு வாங்குவதால் மறுபடி மாட்டிப் பார்ப்பார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆனால் முதலிலேயே பயம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவதற்கு இதயமோ நுரையீரலோகூடக் காரணமாக இருக்கலாம். ஒரு முறை நுரையீரல் டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே, ஊதும் பரிசோதனை, ஆறு நிமிஷம் நடக்கவிட்டு ஆக்சிஜன் பார்க்கும் பரிசோதனை எல்லாம் செய்யுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அன்று கொடுத்த ஸ்டீராய்டால் பலருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. எல்லாம் சரி என்று வந்தால், மிஷினை அவரிடம் இருந்து பிடுங்க வேண்டாம்; காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மற்ற நேரம் உங்கள் பீரோவில் என்று ஒப்பந்தம் போடுங்கள். அப்புறம் நாளுக்கு ஒரு தடவை. உட்கார்ந்து தூங்குவதையும் அப்படித்தான், சுவருக்குப் பதில் தலையணைகளை அடுக்கிச் சாயச் சொல்லி, வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். படபடப்பு வரும்போது மூச்சை இழுப்பதில் கவனம் வேண்டாம், வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள்.

ஏலக்காய் வாசனைக்காக அழுதார் என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். புத்தடியிலும் போடியிலும் ஏலம் நடக்கும் காயை நிறம், பருமன் பார்த்து மட்டுமா எடுக்கிறார்கள்? உள்ளங்கையில் நாலு காயை நசுக்கி மூக்கருகே கொண்டுபோகும் அந்தப் பழக்கம் ஸ்டோர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அவருடைய தொழில் அறிவின் பாதி மூக்கில் இருந்தது. அது போனதை ஒரு ஊனமாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை; தழும்பு இல்லை, சர்டிபிகேட் இல்லை. வாசனை நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் செல்களை அந்த வைரஸ் தாக்குகிறது. நரம்பு மீண்டு வளரும்போது சிலருக்கு வாசனை திரிந்து வரும், ஏலக்காய் மண்ணெண்ணெய் போலவும் காபி கருகல் போலவும். இதற்குப் பயிற்சி இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் முகர்ந்து, அந்த வாசனையை நினைவில் கொண்டுவர முயல வேண்டும். மாதக் கணக்கில் செய்ய வேண்டும். இவ்வளவு தாமதமாக ஆரம்பித்தால் முழுசாகத் திரும்பும் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆனாலும் அவர் பிழைப்பு சம்பந்தப்பட்டது, முயன்று பார்க்கட்டும். ஐந்தாவதாக ஏலக்காயையும் சேர்த்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்.

இத்தனை வருஷம் கழித்துமா என்று உங்கள் மைத்துனர் கேட்கிறாராம். ஆம். 2003இல் கொரோனா போலவே மூச்சைத் தாக்கிய சார்ஸ் நோயில் பிழைத்த ஹாங்காங் மக்களை இரண்டரை வருஷம் கழித்துப் பரிசோதித்தபோது, நான்கில் ஒருவருக்கு அந்த அதிர்ச்சி நோய் அப்படியே இருந்தது. கொரோனாவில் பிழைத்த 2,36,000 பேருடைய மருத்துவப் பதிவுகளை, பெரும்பாலும் அமெரிக்காவில், அலசி 2021இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு மனநலமோ நரம்போ சம்பந்தப்பட்ட ஒரு நோய் பதிவாகியிருந்தது. ஐசியூவில் இருந்தவர்களில் 46 சதவீதம். உங்கள் வீட்டுக்காரர் அபூர்வப் பிறவி இல்லை. நம் பக்கத்தில் யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். அதிலும் பெண்களை எண்ணவே இல்லை. ஐசியூவில் இருந்து வந்த இரண்டாம் வாரமே அடுப்படிக்குப் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மறதி வந்தால் 'வயசாகுது', அழுதால் 'வேலைக்கு வலிக்குது'.

சிகிச்சை உண்டு, நன்றாகவே வேலை செய்யும். அதிர்ச்சி நினைவுகளைப் பக்குவமாகப் பேசிக் கடக்க வைக்கும் உளவியல் சிகிச்சை முதல் தேர்வு; தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை, மனநல டாக்டர் பார்த்து எழுதுவது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள். ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைப்பதும் வேண்டாம், அது புண்ணைக் கிளறும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மலையில் இருக்கும்போது என்றால், கேரளாவின் குடும்ப சுகாதார மையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வுக்கான கிளினிக் நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலே ஆகாது என்பவருக்கு முதல் படியாக டெலிமானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். 'நானும் அன்னைக்கே போயிருக்கலாம்' என்ற மாதிரி பேச்சு வந்தால் தள்ளிப் போடாமல் அன்றே கூப்பிடுங்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

நீங்களும் அந்த எண்ணில் உங்களுக்காகப் பேசலாம். ஐசியூ நோயாளியின் குடும்பத்தாருக்கும் இதே தூக்கமின்மை, இதே படபடப்பு வரும் என்பது மருத்துவத்தில் தெரிந்த சங்கதி. மாமியாரை அனுப்பிவிட்டு, புருஷனை மீட்டு, கடனையும் அடைத்துக்கொண்டிருக்கும் உங்களிடம் 'நீ எப்படி இருக்கே' என்று யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

கடைசியாக ஆபரேஷன். குடலிறக்கத்தில் அவசரம் இல்லாதவரை நேரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முதலில் ஆஸ்பத்திரி எதிரில் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். இன்னொரு நாள் ஓபி வராந்தா வரை. சர்ஜனிடமும் மயக்க டாக்டரிடமும் முன்கூட்டியே விவரத்தைச் சொல்லுங்கள்: வென்டிலேட்டரில் இருந்தவர், கையைக் கட்டினால் பயப்படுவார், முகமூடி போட்டவர்கள் ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் பேசினால் நல்லது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்து இந்த ஆபரேஷனைப் பலருக்குச் செய்கிறார்கள். அவருக்கு முடியுமா என்று கேளுங்கள், முடிவு டாக்டருடையது. கண் விழிக்கும்போது பக்கத்தில் நீங்கள் இருக்க அனுமதி கேளுங்கள்.

ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று, கடுமையான வலியும் வாந்தியும் வந்தால், அந்த நேரத்தில் அவர் பயத்துக்காகக் காத்திருக்க முடியாது. 108ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்யலாம், யார் கூட வர வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்று அவர் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் அவரிடமே கேட்டு, அந்த நோட்டின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்கி வையுங்கள்.